அது வெறும் ஆட்டிசம் இல்லை, அக்கா

டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதிய அக்கா, ஆட்டிசம் உள்ள உங்கள் 15 வயது மகன் தூங்குவதில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறான், ரெஜிஸ்ட்ரார் (சிறப்பு மருத்துவப் பயிற்சியில் இருக்கும்) டாக்டரோ "ஆட்டிசம் என்றால் இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார் என்கிறீர்கள். அதோடு விட்டுவிடாதீர்கள், கூடவே பதற்றமும் இருக்கலாம். 2011-இல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சுமார் 40% பேருக்குப் பதற்றக் கோளாறும் (அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்குப் பயம், கவலை) இருந்தது. அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு.

என் மகனிடம் "கவலையா?" என்று கேட்டால் பதில் வராது. சட்டைக் கையைக் கடித்துக் கடித்து ஈரமாக்கியிருப்பான். அப்போதே எனக்குப் புரிந்துவிடும். நீங்களும் தூக்கம், சாப்பாடு, எப்போதிலிருந்து மாறினான் என்பதையெல்லாம் குறித்து எடுத்துப்போய், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லி நேராகக் கேளுங்கள். அப்புறம், சாக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னாலும் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள்.