மரபணுவா, குடல் கிருமியா? வாசகர் கேள்விகளுக்குக் குடல் நோய் மருத்துவர் பதில்

எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும்). 11 வயது மகளுக்கும் வருமா? மரபணு சோதனை செய்து பார்த்துவிடலாமா, டாக்டர்? (செந்தூல் வாசகி)

வேண்டாம்மா, காசுதான் கரையும். குடல் அழற்சி நோய்களோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 200க்கு மேல் தெரிந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றின் பங்கு கடுகளவு. 2001இல் கண்டுபிடித்த நாட்2 மரபணுவின் தொடர்புகூட குரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோயோடுதான், அதுவும் முக்கியமாக ஐரோப்பிய வம்சாவளியினரிடம். அச்சில் வார்த்த மாதிரி பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு கோலைட்டிஸ் இருந்தாலும், பெரும்பாலும் மற்றவருக்கு வருவதில்லை.

மலேசியாவில் நம்மவர்களிடம் இந்த நோய் கொஞ்சம் கூடுதல் என்பது உண்மைதான். ஈப்போ பக்கம் கிந்தா பள்ளத்தாக்கில் எடுத்த கணக்கில் மலாய்க்காரர், சீனரைவிட இந்தியர்களுக்கே அதிகம் வந்திருந்தது. ஆனால் எல்லாமே ரத்தத்தில் வருவதென்றால் தாத்தா, பாட்டி காலத்திலும் இதே அளவு இருந்திருக்க வேண்டுமே! சாப்பாடு, ஆன்டிபயாடிக், ஊர் வாழ்க்கை என்று குடல் கிருமிகளை மாற்றுகிற பலவற்றின் மீதும் சந்தேகம் இருக்கிறது.

மகளுக்கு மலத்தில் ரத்தம், தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, எடை குறைவது, வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதது என்று ஏதாவது தெரிந்தால் கூட்டி வாருங்கள். மலத்தில் கால்ப்ரொடெக்டின் அளவு பார்த்தாலே குடலில் அழற்சி இருக்கிறதா என்று ஓரளவு தெரியும். ‘மூலம்’ என்று நாமே முடிவு கட்டி மாதக்கணக்கில் ஓட்டுவதுதான் பெரிய தொல்லை.

அப்படியானால் என் மகனுக்கு அசாதயோப்ரின் (நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து) கொடுக்கும் முன் ஏன் மரபணு சோதனை கேட்கிறார்கள்? (பட்டர்வொர்த் வாசகர்)

அது வேறு சோதனை ஐயா, அவசியம் செய்யுங்கள். நோய் வருமா என்று அது பார்ப்பதில்லை, மருந்தை உடம்பு தாங்குமா என்று பார்க்கிறது. நட்15 மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பவர்களுக்கு இந்த மருந்தால் வெள்ளணுக்கள் மளமளவென்று இறங்கிவிடும். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருவது சிலரிடம் முதல் அடையாளம். 2014இல் கொரிய நோயாளிகளிடம் இதைக் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியரிடம் அரிது, ஆசியர்களிடம் அதிகம். அதனால்தான் இதே மருந்துக்காக மேல்நாட்டில் வழக்கமாகச் செய்துவந்த டிபிஎம்டி என்ற சோதனை மட்டும் நமக்குப் போதவில்லை. சோதனை சரியாக வந்தாலும் ரத்த எண்ணிக்கையைத் தவறாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தயிர், ப்ரோபயாடிக் போதுமா? யூடியூபில் மலமாற்றுச் சிகிச்சையை (ஆரோக்கியமானவரின் மலத்தை நோயாளியின் குடலில் செலுத்துவது) வீட்டிலேயே செய்கிறார்களே? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

தம்பி, வேண்டவே வேண்டாம்! தயிர் ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடுங்கள், மருந்தை நிறுத்திவிட்டு மட்டும் சாப்பிடாதீர்கள்.

மலமாற்றில் விஷயம் இருக்கிறது. 2017இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், பலரிடம் பெற்ற மலத்தைத் தீவிரமாகக் கொடுத்தபோது, கோலைட்டிஸ் நோயாளிகளில் 27 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியது. போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்குத்தான். நல்ல வித்தியாசம்தான், ஆனாலும் நாலில் மூவருக்குப் பலன் இல்லையே. 2019இல் அமெரிக்காவில், சரியாகப் பரிசோதிக்காத மலத்திலிருந்த மருந்துக்கு அடங்காத ஈகோலை கிருமி தொற்றி ஒருவர் இறந்தார். அது மருத்துவ ஆய்வின்போதே நடந்தது. வீட்டு மிக்ஸியில் செய்தால்?

லண்டனில் இந்த நோயின் மூல காரணத்தையே கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி. மருந்து எப்போது வரும்? (பங்சார் வாசகி)

2024இல் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவனம் வெளியிட்டது. மேக்ரோபேஜ் என்ற காவல் அணுக்களை அழற்சிப் பக்கம் திருப்பிவிடுகிற விசை, இடிஎஸ்2 என்ற மரபணு. சில புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் மெக் தடுப்பு மருந்துகள் அந்த அழற்சியைத் தணிப்பதை ஆய்வகத்தில் பார்த்தார்கள். ஆனால் அவை மற்ற உறுப்புகளையும் தாக்கும், அந்த அணுக்களுக்கு மட்டும் போய்ச் சேர வழி தேட வேண்டும். ‘மூல காரணம்’ என்பது செய்தித்தாள் பேச்சு, பல காரணங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரபணு ஆய்வு மருந்தாக மாறாது என்று சொல்லவில்லை. அழற்சியைத் தூண்டும் ஐஎல்23 என்ற புரதத்தின் ஏற்பி மரபணுவுக்கும் குடல் அழற்சி நோய்க்கும் உள்ள தொடர்பு 2006இல் தெரிந்தது. அதே பாதையைக் குறிவைத்த ரிசான்கிசுமாப் என்ற மருந்துக்கு குரோன்ஸ் நோயில் அமெரிக்க அனுமதி கிடைத்தது 2022இல்.

முட்டி வலிக்கு பொன்ஸ்டான் போடலாமா? (ஜெலுத்தோங் வாசகர்)

கூடாது. அந்த வகை வலிமாத்திரை சிலருக்கு அடங்கிய குடல் நோயைக் கிளப்பிவிடும். பாரசிட்டமால் போடுங்கள். வலி விடாவிட்டால் உங்கள் குடல் டாக்டரிடம் சொல்லுங்கள், மூட்டு வலியே இந்த நோயின் பாகமாக இருக்கலாம்.