தெருவுல நாலு பேருக்கு டெங்கு, ஒருத்தரும் வரலைன்னு கேட்டவருக்கு

சகோ, கிளினிக்ல உடனே ரிசல்ட் காட்டற கார்டு டெஸ்ட்ல நாலு பேருக்கு டெங்குன்னு வந்தும் கொசு மருந்து அடிக்க ஆள் வரலைன்னு கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் உங்க தெரு கணக்குலயே ஏறியிருக்காது. தனியார் கிளினிக்கும் சுகாதாரத்துறைக்கு தகவல் சொல்லணும்னு இருக்கு, ஆனா சின்ன எடங்கள்ல நெறய பேர் சொல்றதில்ல, அதோட கார்டு டெஸ்டை அரசு உறுதியான கேஸா எடுத்துக்காது, லேப்ல பண்ற எலைசாங்கற ரத்த டெஸ்ட் வேணும், அதுல காய்ச்சல் வந்து 5 நாளுக்குள்ளன்னா என்எஸ்1 (வைரஸோட புரதத்தப் பாக்கறது), அப்புறம்னா ஐஜிஎம் (உடம்புல உருவாகற எதிர்ப்புப் பொருளப் பாக்கறது).

அதனால இப்ப காய்ச்சலோட இருக்கறவங்கள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கூட்டிட்டுப் போங்க. சுகாதார ஆய்வாளரப் பாத்து நாலு வீட்டு விலாசம், காய்ச்சல் ஆரம்பிச்ச தேதி ரெண்டையும் பேப்பர்ல எழுதிக் குடுங்க, வாயால சொன்னா காத்தோட போயிடும். அரசு சுகாதார உதவி எண் 104க்கும் ஒரு போன் போடுங்க.

புகை மருந்த ரொம்ப நம்பாதீங்க (எங்க ஏரியாலயும் அதுக்குத்தான் சண்டை போடுவாங்க), அது பறக்கற கொசுவ மட்டும்தான் கொல்லும், டிரம்ல இருக்கற புழு அப்படியே இருக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல அடுத்த செட்டு கெளம்பிடும். தண்ணிய கொட்டுனா மட்டும் பத்தாது, உள்பக்கம் பிரஷ் போட்டு தேய்க்கணும், முட்டை காஞ்சாலும் மாசக்கணக்குல உசுரோட ஒட்டிக்கிட்டு இருக்கும். பிரிட்ஜ் பின்னாடி இருக்கற ட்ரேயையும் பாத்துடுங்க.

காய்ச்சல் விட்டதும் வயித்து வலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவுன்னா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.