காய்ந்த தோட்டத்துக்கு என்ன வாங்கலாம், என்ன வேண்டாம்?

கேள்வி: மழையில்லாத கடுங்கோடை முடிந்து இலையுதிர் காலம் வந்துவிட்டது. புல்தரை பழுப்பாகக் கிடக்கிறது, செடிகள் பாதி காய்ந்து நிற்கின்றன. கடையில் 20-5-5 என்று எழுதிய உர மூட்டையைக் காட்டி, "போட்டால் உடனே பச்சை பிடிக்கும்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பச்சை பிடிக்கும் என்பது பொய்யில்லை, பிரச்சினையே அதில்தான் இருக்கிறது. அந்த மூன்று எண்களும் முறையே தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவற்றின் எடைச் சதவீதம். 20 கிலோ மூட்டை என்றால் அதில் தழைச்சத்து மட்டுமே 4 கிலோ. அது இளந்தளிரைக் கிளப்பிவிடும். வெயிலில் வேர் நொந்துபோன செடி, மிச்சமிருக்கும் தெம்பையும் தளிருக்கே செலவழிக்கும். முதல் உறைபனியில் அந்தத் தளிர் கருகிவிடும். மண் ஈரமில்லாமல் இருந்தால் உரத்தின் உப்பு வேரையும் சேர்த்துச் சுடும்.

எது உயிரோடு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் அது பிழைக்கும். பழுப்பாக உலர்ந்திருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டிப் பாருங்கள், பல சமயம் அடிப்பகுதியில் உயிர் இருக்கும். காய்ந்ததையும் முறிந்ததையும் மட்டும் வெட்டுங்கள். கடுமையான கவாத்து இப்போது கூடாது, அதுவும் தளிரைத்தான் தூண்டும். புல்லைப் பிடித்து இழுக்கும்போது சுலபமாக வராமல், அடிக்குருத்தும் வெளிறி உறுதியாக இருந்தால் அது சாகவில்லை, உறங்குகிறது. மழை வந்து புல் வளரத் தொடங்கியபின், பருவத்தின் ஆரம்பமாகவே இருந்தால், புல்தரைக்கு மட்டும் கொஞ்சம் உரம் கொடுக்கலாம்.

அப்புறம் தண்ணீர். முற்றிலும் காய்ந்த மண் தண்ணீரை ஏற்காது, மேலேயே முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். மெதுவாக ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி ஊற்றுங்கள். ஒரு சாண் தோண்டிப் பார்த்தால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். தொட்டிச் செடியை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி நிற்கும்வரை வையுங்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், வெற்றிடங்களில் தூவப் புல் விதை வாங்குங்கள். முளைப்புத்திறன் சதவீதம், சோதித்த தேதி, களை விதையின் அளவு மூன்றும் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். தேதி பழையதாக இருந்தால் தள்ளுபடிக்கு மயங்க வேண்டாம்.

கேள்வி: பாத்திகளில் மூடாக்காகப் போட மட்கு உரம் வாங்க வேண்டும். பையிலும் கிடைக்கிறது, வண்டியில் மொத்தமாகவும் தருகிறார்கள். எது லாபம்?

பதில்: பையின் விலையை விடுங்கள், லிட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். எடையை நம்ப முடியாது, ஈரமான மட்கு கனக்கும். 1 சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்ப 50 லிட்டர் வேண்டும். உங்கள் பாத்தி 12 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 600 லிட்டர், அதாவது 40 லிட்டர் பைகள் 15. மொத்தமாக எடுத்தால் 1 கன மீட்டர் 20 சதுர மீட்டருக்கு வரும். வண்டி வாடகையையும் சேர்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். மண்வாசனை வர வேண்டும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடியோ புளித்த வாடையோ வந்தால் அது இன்னும் மட்கவில்லை.

சாண எரு கலந்தது என்றால் கட்டாயம் ஒரு சோதனை செய்யுங்கள். மேய்ச்சல் நிலத்தில் அடிக்கும் சில களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றையும் தாண்டி, எருவிலும் நீண்ட நாள் தங்கும். ஒரு தொட்டியில் அந்த எரு கலந்த மண், இன்னொன்றில் உங்கள் தோட்டத்து மண் மட்டும். இரண்டிலும் பீன்ஸ் விதை ஊன்றி, இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். எருத் தொட்டிச் செடியின் இலை மட்டும் கிண்ணமாகக் குவிந்து முறுக்கிக்கொண்டால், அதைத் தோட்டத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அதுவரை மற்றப் பைகளைப் பிரிக்க வேண்டாம். ரசீதையும் தொகுதி எண் உள்ள அட்டையையும் பத்திரப்படுத்துங்கள், திருப்பிக் கேட்க அவைதான் ஆதாரம்.

நனைந்த மண்ணின் மேல்தான் மூடாக்கு. காய்ந்த மண்ணை மூடினால் லேசான மழை அடியில் இறங்காது. தண்டை ஒட்டிக் குவிக்காமல் சற்றே இடைவெளி விடுங்கள். உதிரும் இலைகளையும் ஒரு மூலையில் குவித்து வையுங்கள், ஓரிரு வருடத்தில் இலைமட்கு தயார். நோய்ப் புள்ளி விழுந்த ரோஜா இலைகளை மட்டும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: பருவ இறுதி என்று செடிகளைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: தாராளமாக. மண்ணில் சூடு இருக்கிறது, வெயில் தணிந்துவிட்டது. வேர் பிடிக்க நல்ல நேரம். இலை உதிர்க்கும் செடியாக இருந்தால் மேலே வாடியிருப்பதைப் பெரிதுபடுத்தாதீர்கள், வேரைப் பாருங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத் தொட்டியிலிருந்து மெல்ல உருவுங்கள். வெளிறிய, உறுதியான வேர் நல்லது. மெல்லிய வேர்கள் வட்டமடித்திருந்தால் நடும்போது பிரித்துவிடலாம். தடித்த வேரே சுற்றி இறுகியிருந்தால், அல்லது வேர் பழுப்பாகக் குழைந்திருந்தால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். வசந்தத்தில் துளிர்க்காவிட்டால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: மண்ணின் ஈரம் காட்டும் கருவி பயன்படுமா?

பதில்: மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவான கருவிகளில் பல, மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்தே ஈரத்தைச் சொல்கின்றன. உர உப்பு அதிகமானால் காய்ந்த மண்ணையும் ஈரம் என்று காட்டிவிடும். 10 சென்டிமீட்டர் தோண்டி விரலை விட்டுப் பார்ப்பதே போதும்.