கிரீனுக்கு அருகே வந்ததும் கை ஏன் குழம்புகிறது?

கேள்வி: சென்னையில் சில ஆண்டுகளாக கோல்ஃப் ஆடுகிறேன். ஹேண்டிகேப் 18, அதாவது நடுத்தர ஆட்டம். டிரைவர், அயர்ன் என்ற கிளப்புகளில் (கோல்ஃப் மட்டைகளில்) ஓரளவு சரி. கிரீனுக்கு (குழியும் கொடியும் இருக்கும் வழவழப்பான புல்தரைக்கு) இருபது, முப்பது யார்டு தூரத்தில் நின்றால்தான் பிரச்சினை. ஒன்று, பந்துக்குப் பின்னால் மண்ணைக் குத்திவிடுகிறேன், பந்து நாலடி நகர்கிறது. இல்லையென்றால் பந்தின் வயிற்றில் பட்டு, கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடிவிடுகிறது. கை முன்னால், மணிக்கட்டு இறுக்கம், எடை இடது காலில் என்று வீடியோவில் சொன்னதை எல்லாம் செய்கிறேன். பயிற்சி ரேஞ்சில் வருகிறது, உண்மையான ரவுண்டில் வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கேள்வியில் கை இருக்கிறது, மணிக்கட்டு இருக்கிறது, கால் இருக்கிறது. பந்து எங்கே விழ வேண்டும் என்பது மட்டும் இல்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

ஏழாம் அயர்னை எடுத்தால் பெரும்பாலும் ஒரே வீச்சுதான், அதை மனப்பாடம் செய்யலாம். கிரீன் ஓரத்து ஆட்டம் அப்படி இல்லை. இன்று இருபத்து மூன்று யார்டு, ஈரப் புல், மேட்டு கிரீன். நாளை பதினைந்து யார்டு, காய்ந்த தரை, பள்ளத்தில் கொடி. எதற்கும் தயாராக ஒரு சூத்திரம் கிடையாது. தூரத்தைக் கண் அளக்கும், அதற்கேற்ற வேகத்தைக் கை கொடுக்கும். கேரம் ஆடும்போது ஸ்டிரைக்கரை எவ்வளவு வேகத்தில் சுண்டுவது என்று விரல் மூட்டைப் பார்த்தா முடிவு செய்கிறோம்? கண் காயின் மேல் இருக்கிறது, விரல் தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1999-ல் ஆய்வாளர் கேப்ரியேலே வுல்ஃபும் அவருடன் பணியாற்றியவர்களும் புதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து பிட்ச் ஷாட் (பந்தை உயர்த்திக் குறுந்தூரம் அடிப்பது) பழக்கினார்கள். ஒரு குழு தங்கள் கைகளின் அசைவைக் கவனிக்க வேண்டும், இன்னொரு குழு கிளப்பின் அசைவைக் கவனிக்க வேண்டும். கிளப்பைக் கவனித்தவர்களின் பந்துகளே இலக்குக்கு அருகில் விழுந்தன. உடம்புக்குள்ளே போன கவனத்தை ஒரு சாண் வெளியே தள்ளியதற்கே இந்தப் பலன்.

நீங்கள் மண்ணைக் குத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. குறுந்தூர அடிக்கு எடுக்கும் சாண்ட் வெட்ஜ் என்ற கிளப்பின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். முன் விளிம்பை விடப் பின்பக்கம் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். அதுதான் பவுன்ஸ். தரையில் பட்டதும் கிளப் தோண்டாமல் வழுக்கிப் போவதற்காக வைத்தது. 'கை முன்னால்' என்ற பாடத்தை அதிகமாகக் கடைப்பிடித்தால் கைப்பிடி கொடியை நோக்கிச் சாய்ந்துவிடும். பவுன்ஸ் மேலே தூக்கிக்கொள்ளும், கத்தி போன்ற முன் விளிம்பு முதலில் இறங்கும். சென்னை போன்ற வெயில் ஊர்களில் பெர்முடா வகைப் புல்தான் அதிகம். அது உங்களை எதிர்த்துப் படுத்திருந்தால் அந்த விளிம்பு அப்படியே மாட்டிக்கொள்ளும். இரண்டு முறை மாட்டினால், மூன்றாவது முறை பயத்தில் உடம்பு தானாக எழும்பும். பந்தின் வயிற்றில் படுவது அதனால்தான். இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றே.

அதனால் கையை மார்புக்கு நேரே, கைப்பிடி கொடிப் பக்கம் சற்றே சாய்ந்த அளவில் வையுங்கள். நிற்கும் நிலையில் எடை கொஞ்சம் இடது காலில் இருக்கட்டும். நுணுக்கம் இவ்வளவு போதும். அதையும் பந்தின் அருகே போய் நிற்பதற்குள் முடித்துவிடுங்கள்.

அப்புறம் பயிற்சி. பயிற்சி கிரீனில் கிளப் இல்லாமல் தொடங்குங்கள். வலது கையால் பந்தைக் கீழிருந்து கொடியை நோக்கி வீசுங்கள். எங்கே விழுகிறது, எவ்வளவு உருள்கிறது என்று பாருங்கள். சில வீச்சுகளிலேயே உங்கள் கண் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிடும். இப்போது கிளப்பை எடுங்கள். ஒத்திகை வீச்சின்போது பந்தைப் பார்க்காதீர்கள், அந்த விழும் இடத்தையே பாருங்கள். அடிப்பாகம் புல்லை உரசும் சத்தம் காதில் விழ வேண்டும். இந்த வீச்சு போதும் என்று தோன்றிய உடனே போய் அடியுங்கள். அந்த உணர்வு சில விநாடிகளே தங்கும். பந்தின் மேல் குனிந்து நின்று யோசித்தால் போய்விடும்.

ரேஞ்சில் வருவது ரவுண்டில் வராததற்குக் காரணம், ஒரே இடத்தில் நின்று ஒரு கூடைப் பந்தை அடிப்பது. பத்தாவது பந்துக்குக் கண்ணுக்கு வேலையே இல்லை. ஒரே ஒரு பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிப் செய்து (கிரீன் ஓரத்திலிருந்து தட்டி ஏற்றி), பட் செய்து (கிரீனில் உருட்டி), குழியில் போட்டுவிட்டு, வேறு இடத்துக்குப் போங்கள். சில நாள் ஏழாம் அயர்னால் மட்டும் எல்லாவற்றையும் செய்து பாருங்கள். செவே பாலஸ்டெரோஸ் சிறுவனாக ஸ்பெயினின் பெத்ரேன்யா கடற்கரையில் ஒரு பழைய மூன்றாம் அயர்னை வைத்துக்கொண்டுதான் மணலில் பழகினார். பந்தை உயர்த்த, தாழ்த்த, நிறுத்த எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான். பிரிட்டிஷ் ஓப்பனை மூன்று முறையும் மாஸ்டர்ஸை இரண்டு முறையும் வென்ற கை அது.

நம் நாட்டில் எஸ்.எஸ்.பி. சௌராசியாவைப் பாருங்கள். ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பின் புல்தரையைப் பராமரித்தவரின் மகன், தானாகவே கற்றுக்கொண்டவர். முதல் அடி அடிக்கும் டீயிலிருந்து தூரமாக அடிப்பவர் இல்லை. ஆனாலும் 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு இந்தியன் ஓப்பன் வென்றார். சிப்பும் பட்டும்தான் அவரைத் தூக்கி நிறுத்தின. எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் அது.

பட்டிங்குக்கும் இதே வழிதான். முப்பது அடியிலிருந்து பட் செய்துவிட்டுத் தலையைத் தூக்காதீர்கள். 'குறைவு, மூன்று அடி', 'அதிகம், ஓரடி' என்று முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு பாருங்கள். ஆரம்பத்தில் உங்கள் ஊகமும் பந்தும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். இரண்டும் நெருங்க நெருங்க, தூரக் கட்டுப்பாடு தானாக வரும். குட்டையான பட்டில் பந்தை விட்டுவிட்டுக் குழியையே பார்த்து அடிப்பதும் உண்டு. 2015-ல் மாஸ்டர்ஸை வென்ற ஜோர்டன் ஸ்பீத் அப்படிச் செய்தவர்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேற்று கிளப் பிடித்தவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். உளவியலாளர் சியன் பைலாக் குழுவின் பட்டிங் ஆய்வில், தேர்ந்தவர்களை வேகமாக அடிக்கச் சொன்னால் நன்றாக ஆடினார்கள். புதியவர்களோ நிதானமாகக் கவனித்து அடித்தபோதுதான் நன்றாக ஆடினார்கள். 18 ஹேண்டிகேப் என்றால் நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டியவர். தயங்காமல் கையிடம் விட்டுவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும், பந்தைத் தொடும் கணத்தில் மணிக்கட்டு உங்களை மீறி வெட்டி இழுத்தால் அது வேறு சங்கதி. அதை யிப்ஸ் என்பார்கள். உணர்வை நம்பு என்ற ஆலோசனை அங்கே பலிக்காது. ஜெர்மன் ஆட்டக்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் அதனால் பலமுறை அவதிப்பட்டு, பிடியையே மாற்றி மாற்றி மீண்டவர். அப்படித் தோன்றினால் பயிற்சியாளரிடம் நேரில் காட்டி, பிடியை மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள்.