பின்னால் கழல்கிற ஷூவுக்கு முன்னால் வைத்தியம்

கேள்வி: வேலைக்குப் போட்டுக்கொள்ள லேஸ் இல்லாத கட் ஷூ வாங்கினேன். முதலில் சரியாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் தளர்ந்து, அடிக்கு அடி குதிகாலை விட்டுக் கழல்கிறது. வலது கால்தான் மோசம். படியில் இறங்கும்போது ஒருநாள் ஷூ தனியாக உருண்டு போய்விட்டது. நுனியில் பஞ்சு வைத்தேன், விரல் வலிக்கிறது. குதிகாலில் ஒட்டும் பட்டையும் உரிந்து வந்துவிட்டது. தம்பியின் லேஸ் ஷூவுக்கும் இதே கதைதான். என்ன செய்யலாம்? — ஒரு வாசகி

பதில்: முதலில் அந்தப் பஞ்சை எடுத்துவிடுங்கள் அம்மா. ஷூ கழன்றுவிடுமோ என்று உங்கள் விரல்கள் ஏற்கெனவே தரையைக் கவ்விப் பிடித்துத்தான் நடக்கின்றன. பஞ்சு வைத்தால் அவற்றுக்கு நீட்டவும் இடமில்லை.

பழுது பார்க்க என்னிடம் வரும் ஷூக்களில் முதலில் உள்ளே இருக்கும் விரல் தடத்தைத்தான் பார்ப்பேன். நீங்களும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெருவிரல் தடம் நுனியில் போய் முட்டியிருந்தால், கால் முன்னே சறுக்குகிறது, அதனால் பின்னால் இடைவெளி விழுகிறது என்று அர்த்தம். தோல் கொஞ்சம் இளகியதும் இது தொடங்கிவிடும். குதிகாலில் எத்தனை பட்டை ஒட்டினாலும் நிற்காது.

இதற்கு முன்பாதத்துக்கு மட்டும் வருகிற அரை இன்சோல் (ஷூவுக்குள் வைக்கும் மெத்தை) போதும், 3 மி.மீ. கனத்தில். விரல்களுக்குக் கீழே வைக்காமல், விரல்களுக்குப் பின்னால் பாதம் மேடாக இருக்கிறதே, அந்த மேடு அதன்மேல் உட்காருகிற மாதிரி வையுங்கள். உடனே பசை போட வேண்டாம். இருபக்க டேப்பில் நிறுத்தி, இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்து பார்த்துவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். முழு இன்சோல் போட்டால் தாழ்வான கட் ஷூவில் குதிகாலும் மேலே ஏறிவிடும். கழல்வது கூடத்தான் செய்யும்.

வலதுதான் மோசம் என்கிறீர்கள். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரிதாக இருக்கும், உங்களுக்கு அது இடது கால் போலிருக்கிறது. அதனால் முதலில் வலதுக்கு மட்டும் வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் லேசாக ஆடினால் குதிகால் பட்டை போடலாம். உள்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அழுத்தி ஒட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். வியர்வைப் பிசுக்கின் மேல் ஒட்டியதால்தான் உங்களுக்கு உரிந்திருக்கும்.

தம்பிக்குச் செலவே இல்லை. லேஸைக் கடைசி ஓட்டைக்கு முந்தினது வரை வழக்கம்போலக் குறுக்காகக் கோக்கட்டும். அப்புறம் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்துக் கடைசி ஓட்டையில் நுழைத்து, இரண்டு பக்கமும் சின்ன வளையம் விட வேண்டும். வலது லேஸை இடது வளையத்திலும், இடது லேஸை வலது வளையத்திலும் விட்டு, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போட்டால் கணுக்காலோடு கவ்விக்கொள்ளும்.

தோல் சுருங்கட்டும் என்று நனைத்து வெயிலில் வைக்காதீர்கள், விறைத்து வெடித்துவிடும்.

ஷூவே ஒரு சைஸ் பெரிது என்றால் (பிரிட்டிஷ் அளவில் அது சுமார் 8.5 மி.மீ.) கால் மடிகிற இடமும் ஷூ மடிகிற இடமும் ஒத்துப்போகாது. எதை ஒட்டியும் அதைச் சரிசெய்ய முடியாது, பொருந்துகிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஜோடியை, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், இடது காலுக்குப் பொருந்துமாறு வாங்குங்கள்.