லெஸ்டர் மாதிரியுரு முன்னோக்கிக் கவிழ்வது பற்றி

இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகப் பொறியியல் கட்டடத்துக்கு நீங்கள் மட்டையில் செய்த மாதிரியுருவில் விரிவுரை மண்டபம் முன்னோக்கிக் கவிழ்கிறது என்றும், பசைதான் காரணமோ என்றும் எழுதியிருந்தீர்கள். பசை காரணமன்று. மண்டபத்தின் மேல் எழும் கோபுரத்துக்குப் போதிய பாரம் இல்லை.

1963இல் நிறைவுற்ற லெஸ்டர் பல்கலைக்கழகப் பொறியியல் கட்டடத்தில், அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர்களான ஜேம்ஸ் ஸ்டேர்லிங்கும் ஜேம்ஸ் கோவனும் மண்டபங்களை அந்தரத்தில் நீட்டியபோது, அவற்றை அழுத்திப் பிடிக்கும் வேலையைக் கோபுரங்களின் எடையிடமே விட்டார்கள். மேல்மாடியை அகற்றினால் கட்டடம் கவிழும் என்பதே ஸ்டேர்லிங் தந்த விளக்கம். படிப்படியாக உயரும் இருக்கைகளின் அடிச்சரிவுதான் வெளியே சிவப்பு ஓடு பதித்த ஆப்புப்போலத் தெரிகிறது. (உள்ளிருப்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் மண்டபங்கள் அரிது.)

இருக்கைப் படிகளுக்கு மட்டையை அடுக்கடுக்காக ஒட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மண்டபம் திண்மமாகவும், ஒற்றை மட்டையில் செய்த கோபுரம் வெறும் கூடாகவும் இருக்கும்; எடை தலைகீழாகிவிட்டது.

சோதிப்பதற்கு, பசையிடாமல் நிறுத்தி மண்டபத்தை விரலால் தாங்கிக்கொண்டு, கோபுரத்தினுள் ஐந்து ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாக இடுங்கள். அடித்தளத்தின் முன்விளிம்புக்கு எவ்வளவு பின்னால் இடுகிறீர்களோ அவ்வளவு குறைவான நாணயங்கள் போதும். விரலை எடுத்தும் நின்றால், எடைதான் காரணம்; மண்டபத்தை உட்குடைவாக மீண்டும் செய்யுங்கள். நாணயங்களை நிரந்தரமாக ஒளித்துவைப்பது எனக்கு உவப்பில்லை.

நாணயம் இட்ட பின்பும் சாய்ந்தால், அடிமட்டை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பின் ஈரப்பதத்தில் மெல்லிய மட்டை இரண்டு நாளில் நெளிந்துவிடும்.