வேறொருவருடைய சீடா பதிவில் டென்டர் போடலாமா?

மூதூரில் அண்ணனும் தம்பியுமாக வீடு கட்டிக் கொடுக்கிறீர்கள், இப்போது பாடசாலைக் கட்டடம் ஒன்றுக்கு டென்டர் கோரியிருக்கிறார்கள், டவுனில் சீடாவில் (ஒப்பந்தக்காரர்களைப் பதியும் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபை, CIDA) பதிந்த ஒருவர் “என்ட சீடாவில போடுங்க, கமிஷன் தந்தாக் காணும்” என்கிறார், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். திருகோணமலை மாவட்டத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். நல்ல மேசன்மார் இந்த வழியில் போய் நொந்ததைப் பார்த்திருக்கிறேன்.

டென்டர் அவர் பேரில் போனால் ஒப்பந்தக்காரர் அவர்தான். பில் பாஸாகிக் காசோலை அவர் கணக்குக்குப் போகும். பில்லில் பிடித்துவைத்த காசு, குறைகளைத் திருத்திக் கொடுக்கும் காலம் முடிந்து விடுபடும்போது, அதுவும் அவருக்கே. சீமெந்தும் கம்பியும் கடனுக்கு எடுத்தவர் நீங்கள். ஆனால் அலுவலகத்தில் உங்கள் பேரில் ஒரு கடதாசி இராது. இதைவிடப் பெரிய நட்டம், வேலை முடித்த சான்றிதழும் அவருக்கே போவது. நீங்கள் கட்டிய கட்டடத்தைக் காட்டி அவர் சீடா பதிவில் அடுத்த கிரேட்டுக்கு (தரத்துக்கு) ஏறுவார். நீங்கள் பத்து வருடம் கழித்தும் அனுபவம் இல்லாதவராகவே நிற்பீர்கள்.

2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்தான் சீடா பதிவு நடக்கிறது, முன்பு இக்டாட் என்றோமே, அதன் வழி வந்தது. கட்டடம், வீதி, பாலம், நீர் வழங்கல் என்று துறைக்குத் துறை பதிவு வேறு. கட்டடத்துக்குப் பதிந்தவர் அதை வைத்து வீதி வேலைக்குப் போட முடியாது. சிறிய ஆட்களுக்கு ஆகக் கீழ்க் கிரேட்டான சி9 இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். வீடு கட்டுவித்தவர்களிடம் ஒப்பந்தக் கடிதமும் பணம் தந்ததற்கான அத்தாட்சியும் இன்றே கேட்டு வாங்கி ஒரு கோவையில் போடுங்கள். வாய்ப்பேச்சில் செய்த வேலைக்குச் சீடாவில் மதிப்பில்லை.

அதுவரை, பதிவுள்ள ஒருவரிடம் உப ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு வேலை செய்யலாம். முத்திரை, கையெழுத்து, விலை, பணம் தரும் நாள் எல்லாம் அதில் இருக்கட்டும்.

பிறகு உங்கள் பேரிலேயே போடும்போது, 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட டென்டர் என்றால் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டப்படி கம்பனிப் பதிவாளரிடம் பதிந்து பி.சி.ஏ. 3 சான்றிதழை விலைமனுவோடு வைக்க வேண்டும். அந்தந்த டென்டருக்கென்று தனியாக எடுப்பது அது. பழையதைப் பிரதி எடுத்து வைத்தால் தள்ளிவிடுவார்கள். அண்ணனுக்காகத் தம்பி கையெழுத்திடுவதானால் அற்றோர்னித் தத்துவமும் (அவர் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) கூடவே இருக்க வேண்டும். விலை குறைவாக இருந்தும் இப்படி ஒரு தாள் இல்லாமல் கைவிட்டுப் போன டென்டர்கள் உண்டு.